காத்து தடுக்கும்போது விழுற பொருளுக்கு ஒர்க்-எனர்ஜி தியரம் போடுறது எப்படி

அக்கா பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. போன வாரம் நோட்டைத் தூக்கிட்டு வந்து "மாமா, இந்த மழைத்துளி கணக்குல காத்து எவ்வளவு விசை கொடுக்குதுன்னே சொல்லல, ஆனா காத்து செஞ்ச வேலை எவ்வளவுன்னு கேக்குறாங்க, விசையே தெரியாம வேலையை எப்படி கண்டுபிடிக்கிறது"ன்னு கேட்டா. ரொம்ப நியாயமான கேள்வி. வேலைன்னா விசையை தூரத்தால பெருக்குறதுன்னு தானே நாமளே சொல்லிக்கொடுத்தோம், அதுவும் காத்தோட விசை ஒவ்வொரு நொடியும் மாறிக்கிட்டே இருக்கு, வேகம் கூடக்கூட அதுவும் கூடுது, அப்ப எந்த விசையைப் போட்டு பெருக்குறது? அவளுக்கு ரெண்டு மூணு சாயங்காலம் உக்காந்து சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இந்த இடத்துல நிறைய பசங்க சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு கடந்து போயிடறாங்க, அது எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு, இவ்வளவு அழகான ஒரு விஷயத்தை அப்படி விட்டுறக் கூடாது.

முதல்ல தியரம் என்ன சொல்லுது. தமிழ் மீடியத்துல வேலை-இயக்க ஆற்றல் தேற்றம்னு படிச்சிருப்பீங்க. ஒரு பொருள் மேல எத்தனை விசை இருந்தாலும் அத்தனையும் செஞ்ச வேலையை கூட்டினா, அந்தப் பொருளோட இயக்க ஆற்றல் எவ்வளவு மாறுச்சோ அதுக்கு சமமா இருக்கும். அவ்வளவுதான். மளிகைக்கடை அண்ணாச்சி ராத்திரி கடையை சாத்துறதுக்கு முன்னாடி கல்லாவை எண்ணுவாரு பாருங்க, அதே கணக்கு. காலையில கல்லாவுல எவ்வளவு இருந்துச்சு தெரியும், பகல் பூரா வியாபாரத்துல எவ்வளவு வந்துச்சு தெரியும், இப்ப எவ்வளவு மிச்சம்னு எண்ணிப் பாத்தாச்சு, அப்ப நடுவுல எவ்வளவு செலவாச்சுன்னு தானா தெரிஞ்சுரும், ஒவ்வொரு செலவா சீட்டு எழுதி வச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. இங்க கல்லான்னா இயக்க ஆற்றல், வரவு புவியீர்ப்பு கொடுக்குறது, செலவு காத்து பிடுங்குறது.

எழுதினா இப்படி வரும்:

கடைசி இயக்க ஆற்றல் − முதல் இயக்க ஆற்றல் = புவியீர்ப்பு செஞ்ச வேலை + காத்து செஞ்ச வேலை

இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம்²

புவியீர்ப்பு செஞ்ச வேலை = நிறை × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) × இறங்கின உயரம்

காத்து செஞ்ச வேலை எப்பவும் மைனஸ்ல வரும், ஏன்னா பொருள் கீழ போகுது, காத்து மேல தள்ளுது, ரெண்டும் எதிரெதிர் திசை. இதை சும்மா பார்முலாவா பாக்காம ஒரு துளியில போட்டு பாப்போம்.

குறுக்களவு 2 மில்லிமீட்டர் இருக்கிற ஒரு மழைத்துளி, 1 கிலோமீட்டர் உயரத்துல இருந்து விழுது. அந்த சைஸ் துளி தரைக்கு வரும்போது என்ன வேகத்துல வரும்னு 1949ல கன், கின்சர்னு ரெண்டு பேர் அளந்து வச்சிருக்காங்க, விநாடிக்கு கிட்டத்தட்ட 6.5 மீட்டர். துளியோட நிறை சுமார் 4.2 மில்லிகிராம், அதாவது 0.0000042 கிலோ. புவியீர்ப்பு கொடுத்தது 0.0000042 × 9.8 × 1000, கிட்டத்தட்ட 0.041 ஜூல். கடைசியில கையில மிச்சம் இருக்கிற இயக்க ஆற்றல் ½ × 0.0000042 × 6.5², அதாவது 0.000089 ஜூல். ஆரம்பத்துல சும்மா நின்ன துளி, அதனால முதல் இயக்க ஆற்றல் பூஜ்யம். அப்ப காத்து செஞ்ச வேலை 0.000089 − 0.041, கிட்டத்தட்ட −0.041 ஜூல். பாத்தீங்களா, பூமி கொடுத்ததுல 99.8 சதவீதத்தை காத்தே எடுத்துக்கிச்சு, நம்ம தலையில வந்து விழுறது ஆயிரத்துல ரெண்டு பங்குதான். காத்தே இல்லன்னா இதே துளி விநாடிக்கு 140 மீட்டர் வேகத்துல வரும், மணிக்கு 500 கிலோமீட்டர், மழை பேஞ்சா வெளிய யாரும் நடமாட முடியாது. காத்து எடுத்துக்கிட்டது எங்கயும் காணாம போயிடல, காத்தை சுழல வச்சு கடைசியில சூடா மாறிடுது.

இந்தக் கணக்குல நாம எங்கயாவது காத்தோட விசைக்கு பார்முலா போட்டோமா? இல்ல. விசை வேகத்துக்கு தகுந்த மாதிரி கூடுதா, வேகத்தோட வர்க்கத்துக்கு தகுந்த மாதிரி கூடுதா, நடுவழியில துளி சப்பையா ஆச்சா, எதுவும் தேவைப்படல. ஆரம்பம், முடிவு, உயரம், இந்த மூணு மட்டும் போதும். அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்கு பதில் இதுதான், விசை தெரியாதப்பதான் இந்த தியரத்துக்கு வேலையே.

சராசரியா காத்து எவ்வளவு விசை கொடுத்துச்சுன்னு கேட்டா, வேலையை தூரத்தால வகுத்தா போதும். ஆனா இது தூரத்துக்கு எடுத்த சராசரி, நேரத்துக்கு எடுத்த சராசரி இல்ல, ரெண்டும் வேற வேற எண்ணா வரலாம், பரீட்சையில இந்த வித்தியாசத்தை யாரும் கேக்க மாட்டாங்க ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும்.

இப்ப பசங்க தப்பு பண்ற இடங்கள். எல்லாத்தையும் விட அதிகமா நான் பாக்குற தப்பு புவியீர்ப்பை ரெண்டு தடவை எண்ணுறது. ஒரு பக்கம் நிலை ஆற்றல் குறைஞ்சதுன்னு எழுதிட்டு, இன்னொரு பக்கம் புவியீர்ப்பு செஞ்ச வேலைன்னும் எழுதுவாங்க. ரெண்டும் ஒரே காசு தான், பேர் தான் வேற. நிலை ஆற்றலை வச்சு எழுதுறீங்கன்னா புவியீர்ப்போட வேலையை விட்டுறணும், வேலையை எழுதுறீங்கன்னா நிலை ஆற்றலைத் தொடவே கூடாது. நான் எப்பவும் வேலையாவே எழுத சொல்வேன், குழப்பம் கம்மி. அடுத்தது, மேல இருந்து கீழ எறிஞ்ச பொருளுக்கும் முதல் இயக்க ஆற்றலை பூஜ்யம்னு போட்டுடறது. மூணாவது, கடைசி வேகத்துல காத்தோட விசை எவ்வளவோ அதை மொத்த உயரத்தால பெருக்கி வேலைன்னு எழுதுறது, அது தப்பு, ஆரம்பத்துல வேகம் கம்மியா இருந்தப்ப அவ்வளவு விசை இல்லையே. விடை வந்ததும் ஒண்ணு சரி பாருங்க: விழுற பொருளோட கணக்குல காத்து எடுத்தது, பூமி கொடுத்ததையும் ஆரம்பத்துல கையில இருந்ததையும் கூட்டினதை விட அதிகமா வந்துச்சுன்னா எங்கயோ குறி மாறிருக்கு, இல்லாத காசை யாரும் பிடுங்க முடியாது.

சரி, இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு நிஜ சோதனை. 1710 ஜூன் மாசம், லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தோட உச்சியில இருந்து கண்ணாடி உருண்டைகளை கீழ போட்டாங்க, உயரம் 220 அடி, அதாவது 67 மீட்டர். சில உருண்டைக்குள்ள பாதரசம், சிலதுல வெறும் காத்து. நியூட்டன் இந்த அளவுகளை தன்னோட பிரின்சிப்பியா புத்தகத்தோட 1713 ரெண்டாம் பதிப்புல போட்டிருக்காரு. பாதரச உருண்டை 4 விநாடியில கீழ வந்துருச்சு, காத்து உருண்டைக்கு 8, 8½ விநாடி ஆச்சு. காத்து உருண்டையில ஒண்ணு 510 கிரெய்ன் எடை, நம்ம கணக்குல 33 கிராம், குறுக்களவு 5.1 அங்குலம், அதாவது 13 சென்டிமீட்டர்.

300 வருஷத்துக்கு முன்னாடி எடுத்த இந்த அளவை வச்சு நாம இப்ப கணக்கு போடலாம். பூமி கொடுத்தது 0.033 × 9.8 × 67, சுமார் 21.7 ஜூல். கடைசி வேகத்தை அவங்க நேரா அளக்கல, ஆனா 67 மீட்டரை 8½ விநாடியில வந்துச்சுன்னா சராசரி விநாடிக்கு 7.9 மீட்டர், ஆரம்பத்துல மெதுவா போனதால கடைசி வேகம் இதை விட கொஞ்சம் கூட இருக்கணும், 8.5ன்னு வச்சுக்குவோம். அப்ப மிச்சம் ½ × 0.033 × 8.5², 1.2 ஜூல். காத்து எடுத்தது 20.5 ஜூல். நீங்க 8.5 தப்பு 9ன்னு சொன்னா மிச்சம் 1.3 ஆகும், காத்து எடுத்தது 20.4 ஆகும், பெரிய மாத்தமே இல்ல. இதுதான் இந்த முறையோட பலம், கடைசி வேகத்துல கொஞ்சம் பிசகினாலும் காத்து செஞ்ச வேலை அசையாது, ஏன்னா செலவு பெருசு மிச்சம் சின்னது. மிச்சம் பெருசா இருக்கிற கணக்குல இந்த தைரியம் வேண்டாம், கடைசி வேகத்துல வர்ற பிசகு அப்படியே காத்தோட கணக்குல போய் உக்காந்துக்கும்.

ஒரு சின்ன விஷயம். அந்த உருண்டை அவ்வளவு பெருசா இருந்ததால அது ஒதுக்கின காத்தே 1.4 கிராம் வரும், மிதப்பு விசையால அதோட எடையில 4 சதவீதம் குறைஞ்ச மாதிரி ஆகும். துல்லியமா வேணும்னா மிதப்பு விசை செஞ்ச வேலையை தனி செலவா எழுதணும். தேங்காய்க்கும் கிரிக்கெட் பந்துக்கும் இதை விட்டுறலாம், பலூனுக்கு விடவே கூடாது.

இது வரைக்கும் கடைசி வேகம் தெரிஞ்சு காத்தோட வேலையை கண்டுபிடிச்சோம். இப்ப திருப்பி போடுவோம், கடைசி வேகமே தெரியாது, உயரம் மட்டும் தெரியும், அப்ப என்ன பண்றது? இங்க காத்தோட விசையைப் பத்தி ஏதாவது தெரிஞ்சே ஆகணும், வேற வழி இல்ல. நம்ம கண்ணுக்கு தெரியுற சைஸ் பொருளுக்கு, மழைத்துளியில இருந்து மனுஷன் வரைக்கும், காத்தோட விசை ஏறக்குறைய வேகத்தோட வர்க்கத்துக்கு தகுந்த மாதிரி போகும்:

காத்தோட விசை = ½ × காத்தோட அடர்த்தி × இழுவை எண் × குறுக்குப் பரப்பு × வேகம்²

தரைக்கு பக்கத்துல காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, இழுவை எண்ங்கிறது பொருளோட வடிவத்தைப் பொறுத்த ஒரு எண், உருண்டையான பொருளுக்கு சுமார் 0.5. இப்ப ஒண்ணு கவனிங்க, இதை கவனிச்சதும் எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல. விசையிலயும் வேகம்² இருக்கு, இயக்க ஆற்றல்லயும் வேகம்² இருக்கு. அப்ப காத்தோட விசைங்கிறது இயக்க ஆற்றலை ஒரு நிலையான எண்ணால பெருக்குனது தான்! அந்த எண் என்னன்னா:

அடர்த்தி × இழுவை எண் × குறுக்குப் பரப்பு ÷ நிறை

இதுக்கு அர்த்தம் என்ன? பொருள் ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும், கையில இருக்கிற இயக்க ஆற்றல்ல ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை காத்து வரியா பிடிச்சுக்குது. மீட்டருக்கு இவ்வளவுன்னு பூமி நிலையா சம்பளம் போடுது, மீட்டருக்கு இத்தனை சதவீதம்னு காத்து கையிருப்புல பிடிக்குது. வேகம், நேரம், முடுக்கம் எதுவும் வேண்டாம், இந்த ரெண்டு எண் போதும்.

தேங்காய்ல போட்டு பாப்போம். மட்டையோட 1.5 கிலோ, குறுக்களவு 20 சென்டிமீட்டர், 15 மீட்டர் மரம்னு வச்சுக்குங்க. குறுக்குப் பரப்பு 0.0314 சதுர மீட்டர். சதவீத எண் 1.2 × 0.5 × 0.0314 ÷ 1.5, அதாவது 0.0125, மீட்டருக்கு 1.25 சதவீதம். சம்பளம் 1.5 × 9.8, மீட்டருக்கு 14.7 ஜூல்.

15 மீட்டரை மூணு துண்டா வெட்டுவோம், துண்டுக்கு 5 மீட்டர். ஒவ்வொரு துண்டுலயும் வரவு 73.5 ஜூல், வரி 6.25 சதவீதம், ஆனா வரியை துண்டோட நடுவுல இருக்கிற கையிருப்புக்கு போடணும், ஆரம்ப கையிருப்புக்கும் இல்ல கடைசி கையிருப்புக்கும் இல்ல. முதல் துண்டு: பூஜ்யத்துல ஆரம்பிச்சு நடுவுல சுமார் 36 ஜூல், வரி 2.3, கடைசியில கையில 71.2. ரெண்டாவது: 71.2ல ஆரம்பிச்சு நடுவுல சுமார் 107, வரி 6.7, கடைசியில 71.2 + 73.5 − 6.7, அதாவது 138. மூணாவது: நடுவுல சுமார் 173, வரி 10.8, கடைசியில 200.7 ஜூல். வேகம் வேணும்னா 2 × 200.7 ÷ 1.5க்கு வர்க்கமூலம், விநாடிக்கு 16.4 மீட்டர். காத்து இல்லன்னா 220.5 ஜூல், விநாடிக்கு 17.1 மீட்டர். ஆக தேங்காய்கிட்ட காத்து பிடிக்க முடிஞ்சது வெறும் 9 சதவீதம், மழைத்துளிகிட்ட 99.8 சதவீதம். தென்னை மரத்தடியில உக்காராதேன்னு பாட்டி கத்துறது ஏன்னு இப்ப ஜூல் கணக்குல புரியும், 200 ஜூல்ங்கிறது தலைக்கு தாங்காது.

கால்குலஸ் தெரிஞ்சவங்களுக்கு இதே விஷயம் ஒரே வரியில முடிஞ்சுரும். சம்பளத்தை சதவீத எண்ணால வகுத்தா 14.7 ÷ 0.0125 = 1176 ஜூல், இதுதான் கையிருப்பு தொடக்கூடிய உச்ச வரம்பு. எந்த உயரம் இறங்கினாலும்:

இயக்க ஆற்றல் = உச்ச வரம்பு × (1 − e-யோட அடுக்கு [−சதவீத எண் × உயரம்])

15 மீட்டருக்கு போட்டா 1176 × (1 − 0.829), 201 ஜூல். மூணே மூணு துண்டா வெட்டி கையால போட்டதுல 200.7 வந்துச்சு, இதுல 201. அக்கா பொண்ணு இதைப் பாத்துட்டு அப்படியே நோட்டை மூடிட்டு சிரிச்சா, நாம போட்டது சரின்னு இன்னொரு வழியில வந்து தெரியுற சந்தோஷத்துக்கு ஈடே இல்ல.

அந்த உச்ச வரம்புக்கான வேகம் தான் நீங்க புக்ல படிச்ச முற்றுத் திசைவேகம், டெர்மினல் வெலாசிட்டி. வரியும் சம்பளமும் சமம் ஆகுற இடம். தேங்காய்க்கு அது விநாடிக்கு கிட்டத்தட்ட 40 மீட்டர், ஆனா அதை நெருங்கணும்னா இருநூறு மீட்டருக்கு மேல விழணும், எந்த தென்னை மரமும் அவ்வளவு உயரம் இல்ல. எவ்வளவு தூரம் விழணும்னு தெரியணும்னா 1ஐ சதவீத எண்ணால வகுங்க, தேங்காய்க்கு 80 மீட்டர் வரும், அதைப் போல மூணு மடங்கு விழுந்தா உச்ச வரம்புல 95 சதவீதத்தை தொட்டுரும். செயின்ட் பால்ஸ் காத்து உருண்டைக்கு சதவீத எண் 0.24, மீட்டருக்கு 24 சதவீதம் வீதத்துல வரி, அதோட தூரம் 4 மீட்டர் சொச்சம் தான், அதனால 67 மீட்டர்ல முதல் 13 மீட்டரைத் தாண்டினதும் மிச்ச வழி பூரா ஏறக்குறைய ஒரே வேகம். பாதரச உருண்டை 2 சென்டிமீட்டர் குறுக்களவுல 59 கிராம் இருந்துச்சு, அதுக்கு மீட்டருக்கு 0.3 சதவீதம் தான் வரி. ஒண்ணு 4 விநாடியில வந்ததும் இன்னொண்ணு 8½ விநாடி எடுத்ததும் ஏன்னு கேட்டா பதில் இந்த ரெண்டு எண்ணுக்குள்ளயே இருக்கு. நிறை கீழ வகுக்குற இடத்துல உக்காந்திருக்கு, அதனாலதான் காத்துல கனமான பொருள் முந்துது. காத்தே இல்லாத நிலாவுல வரி பூஜ்யம், அதான் 1971 ஆகஸ்ட் 2ல அப்பல்லோ 15 கமாண்டர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒண்ணா விட்டப்ப ரெண்டும் ஒண்ணா தரையைத் தொட்டுச்சு.

எச்சரிக்கையா ஒண்ணு சொல்லிடறேன். இந்த சதவீத வரி கணக்கு, விசை வேகம்²க்கு தகுந்த மாதிரி போகும்போது மட்டும்தான் செல்லும். மூடுபனி துளி மாதிரி ரொம்ப குட்டி பொருளுக்கு விசை வேகத்துக்கு தகுந்த மாதிரி போகும், அங்க நிலையான சதவீதம் கிடையாது. ஆனா துண்டு துண்டா வெட்டி வரவு செலவு எழுதுற முறை அங்கயும் வேலை செய்யும், ஒவ்வொரு துண்டுலயும் அந்த வேகத்துக்கான விசையை போட்டுக்கணும், அவ்வளவுதான். எக்செல் தெரிஞ்சா பத்து நிமிஷ வேலை.

காத்தோட அடர்த்தியே மாறினா? அதுக்கு 2012 அக்டோபர் 14ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. ஸ்கைடைவர் (வானத்துல இருந்து குதிக்கிற வீரர்) பெலிக்ஸ் பாம்கார்ட்னர் அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மேல பலூன்ல போய் கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர் உயரத்துல இருந்து குதிச்சாரு, பாராசூட் திறக்குறதுக்கு முன்னாடி 36,400 மீட்டர் விழுந்தாரு, நடுவுல உச்ச வேகம் மணிக்கு 1,357 கிலோமீட்டர், விநாடிக்கு 377 மீட்டர். ஒலியையே தாண்டிட்டாரு. நிறை எவ்வளவுன்னு கவலைப்பட வேண்டாம், ஒரு கிலோவுக்கு எவ்வளவுன்னு போடுவோம். அவ்வளவு உயரத்துல புவியீர்ப்பு முடுக்கம் கொஞ்சம் கம்மி, சுமார் 9.7ன்னு வச்சுக்கலாம்.

உச்ச வேகம் வந்தது சுமார் 28 கிலோமீட்டர் உயரத்துல, அதாவது 11 கிலோமீட்டர் விழுந்ததுக்கு அப்புறம். அது வரைக்கும் பூமி கொடுத்தது கிலோவுக்கு 9.7 × 11,000, சுமார் 107,000 ஜூல். கையில இருந்தது ½ × 377², 71,000 ஜூல். காத்து எடுத்தது 36,000, மூணுல ஒரு பங்கு. அந்த உயரத்துல காத்தோட அடர்த்தி அதிகபட்சமே தரையில இருக்கிறதுல நூத்துல சுமார் ரெண்டு பங்கு தான், அப்படியும் இவ்வளவு பிடிச்சிருக்குன்னா வேகம் அப்படி.

அடுத்த பாதி தான் பசங்களை தடுமாற வைக்கிற இடம். 28 கிலோமீட்டர்ல இருந்து பாராசூட் திறக்குற வரைக்கும் இன்னும் 25 கிலோமீட்டர் விழுறாரு, பூமி சம்பளம் போட்டுக்கிட்டே இருக்கு, கிலோவுக்கு இன்னொரு 245,000 ஜூல், ஆனா வேகம் குறையுது! கீழ வர வர காத்து அடர்த்தி ஏறுது, வரி சதவீதம் ஏறுது, கையிருப்பு கரையுது. சாதாரண ஸ்கைடைவர் மாதிரி கடைசியில விநாடிக்கு 55 மீட்டர்னு எடுத்துக்கிட்டா மிச்சம் வெறும் 1,500 ஜூல். அப்ப இந்த ரெண்டாவது பகுதியில காத்து எடுத்தது 71,000 + 245,000 − 1,500, கிட்டத்தட்ட 314,500 ஜூல். பூமி அந்த பகுதியில கொடுத்ததை விட காத்து அதிகமா எடுத்திருக்கு, ஆனா கணக்கு தப்பு இல்ல, முன்னாடி சேத்து வச்சிருந்த 71,000ல இருந்து எடுத்துக்கிச்சு. விழுற பொருள்னா வேகம் கூடிக்கிட்டேதான் இருக்கணும்னு ஒரு நினைப்பு எல்லார் மனசுலயும் இருக்கு, அதை இந்த ஒரு கணக்கு உடைச்சுரும்.

மேல எறிஞ்சு திரும்பி வர்ற பந்து கணக்கும் பரீட்சையில அடிக்கடி வரும், அதை சுருக்கமா சொல்லிடறேன். கிரிக்கெட் பந்து 160 கிராம், விநாடிக்கு 20 மீட்டர்ல நேரா மேல எறியுறீங்க, கைக்கு திரும்பும்போது 17.5. மேல போய் அதே இடத்துக்கு வந்துட்டதால புவியீர்ப்பு செஞ்ச மொத்த வேலை பூஜ்யம், போகும்போது எடுத்ததை வரும்போது கொடுத்துருச்சு. காத்து அப்படி கிடையாது, போகும்போதும் பிடுங்குது வரும்போதும் பிடுங்குது. அதனால 32 ஜூல்ல இருந்து 24.5 ஜூலா குறைஞ்ச 7.5 ஜூலும் காத்தோட கணக்கு. எவ்வளவு உயரம் போச்சுன்னு கேட்டா, காத்தோட விசையை சராசரியா ஒரே எண்ணுன்னு வச்சுக்கிட்டு ரெண்டு வரி எழுதுங்க: மேல போகும்போது (எடை + காத்து விசை) × உயரம் = 32, கீழ வரும்போது (எடை − காத்து விசை) × உயரம் = 24.5. ரெண்டையும் கூட்டுங்க, காத்து விசை அடிபட்டு போயிரும், 2 × எடை × உயரம் = 56.5. எடை 1.57 நியூட்டன், உயரம் 18 மீட்டர். காத்து இல்லன்னா 20.4 போயிருக்கும். வேகம்² விசையை வச்சு முழுசா போட்டாலும் 17.8 தான் வருது, அதனால இந்த குறுக்குவழியை நம்பலாம்.

இந்த தியரம் சொல்லாத ஒண்ணு நேரம். எத்தனை விநாடியில விழும்னு கேட்டா இதுல நேரா பதில் இல்ல, ஒவ்வொரு துண்டுக்கும் வேகம் கண்டுபிடிச்சு, தூரத்தை வேகத்தால வகுத்து கூட்டிக்கிட்டே போகணும். கேள்வியில நேரம்னு வார்த்தை இருந்தா முதல்ல நியூட்டனோட ரெண்டாம் விதி பக்கம் போங்க, உயரமும் வேகமும் மட்டும் இருந்தா இங்க வாங்க.

கடைசியா வீட்டுல செஞ்சு பாக்க ஒண்ணு. பேக்கரியில கப் கேக் சுட வைக்கிற மடிப்பு மடிப்பான பேப்பர் கப் கிடைக்கும், அதுல அஞ்சு வாங்கிக்குங்க. நாலை ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கினா நிறை நாலு மடங்கு, காத்து பாக்குற பரப்பு அதேதான். சம்பளம் நாலு மடங்கு, வரி சதவீதம் நாலுல ஒண்ணு, அப்ப உச்ச வரம்பு பதினாறு மடங்கு, அதுல நிறை நாலு மடங்கு போக வேகம்² நாலு மடங்கு, அதாவது வேகம் ரெண்டு மடங்கு. பேப்பர் கப் கையை விட்ட கொஞ்ச தூரத்துலயே முற்றுத் திசைவேகத்துக்கு வந்துரும், அதனால ஒத்தை கப்பை ஒரு உயரத்துல இருந்தும், நாலு அடுக்கினதை அதைப் போல ரெண்டு மடங்கு உயரத்துல இருந்தும் ஒரே நேரத்துல விட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா தரையைத் தொடணும். ஃபேனை அணைச்சிருங்க, ஜன்னலை சாத்திருங்க. நாங்க மாடிப்படி பக்கத்துல வச்சு செஞ்சோம், அவ மேல் படியில நாலு கப்போட, நான் பாதி உயரத்துல ஒத்தை கப்போட, அக்கா கீழ உக்காந்து போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்தா. முதல் தடவை ஒத்தை கப் சாஞ்சு சுவத்துல இடிச்சுருச்சு, ரெண்டாவது தடவை ரெண்டும் ஒண்ணா வந்து இறங்குச்சு, அவ மேல இருந்தே "மாமா, வந்துருச்சு!"ன்னு கத்திட்டு ஓடி வந்தா.